ஹாஜர் புத்தகத்தில் என் பேத்தி பெயர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். மூன்று சேலைக்கு ஃபால்ஸ் பாக்கி, ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி பாக்கி.

பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். எச்.எம். விக்டோரியா டீச்சர். "அத்யக்ஷரம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" பள்ளிக் கமிட்டித் தலைவி நான்; அத்யக்ஷரம்மா என்று ஆரம்பித்தால் ஏதோ வேலை இருக்கிறது. மற்ற நாளில் ராஜம்மாதான்.

போனேன். வியாழக்கிழமை கல்வி ஆபீஸிலிருந்து வருகிறார்களாம். தலை எண்ணுவார்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். ஆறும் ஏழும் சேர்த்துப் பத்துப் பேர் இருக்க வேண்டும். குறைந்தால் இரண்டு வகுப்பையும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்னடப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் இங்கே தமிழ் ஐந்தாவதோடு சரி.

ஹாஜர் புத்தகத்தில் பத்துப் பெயர். பெஞ்சில் ஒன்பது பேர். மிச்சம் ஒரு பெயர் என் பேத்தி ஹரிணி. அவள் ஜூன் மாதத்திலிருந்து பிரேசர் டவுனில் இங்கிலீஷ் பள்ளியில். டி.சி. பிறகு கொண்டுவந்தால் போதும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இங்கே பெயர் அப்படியே இருக்கிறது. தினமும் அந்தப் பெயருக்கு நேரே டீச்சர் ஏதோ ஒரு குறி போடுகிறார். நான் அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை.

"ஒரே ஒரு நாள் ராஜம்மா. யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

சரி என்று வந்துவிட்டேன்.

டி.சி. வாங்காதது டீச்சர் கேட்டுக்கொண்டதால் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். வீட்டுப் பிள்ளை அங்கே படித்தால்தான் பள்ளிக் கமிட்டியில் இருக்க முடியும். பெயரை எடுத்தால் நான் அத்யக்ஷர் இல்லை. ஐந்தாவது வரை படித்தவள் நான். இரண்டு வருஷமாக ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடிக்கயிறு என் கையில். டீச்சர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

கொக்கி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கொஞ்சம் வெயில். பன்னிரண்டுக்கெல்லாம் போய்விட்டது.

பீரோவிலிருந்து நீலத் துணியை எடுத்தேன். பள்ளி திறந்ததும் எல்லோருக்கும் வந்த சர்க்கார் துணி. ஹரிணி பங்கை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பெயர் இருக்கும்போது துணி வேண்டாம் என்றால் கேள்வி வரும் என்று ஒரு நியாயம் அப்போது.

வெட்டும்போது மருமகள் லதா பார்த்துவிட்டாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்போடு உள்ளே வந்தாள்.

"இது யாருக்கு அத்தே?"

சொன்னேன்.

"அங்க இப்பத்தான் சேத்திருக்கோம். ஒரு நாள் வரலன்னாலும் போன் பண்ணிக் கேக்கறாங்க."

"ஒரே ஒரு நாள்தானே லதா."

"நாலு தெரு சுத்தி, நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்க, நம்ம பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு கூவினது யாரு? நானா? யாராவது கேட்டா நான் உண்மையச் சொல்லுவேன். மறைக்கறது நீங்க."

உண்மையிலேயே மறைக்கிறேன். தினமும் காலையில் வேன் வருவதற்கு முன் ஹரிணிக்கு ஸ்வெட்டர் போட்டு, கழுத்துவரை பட்டன் மாட்டிவிடுகிறேன். குளிருக்கு என்று. டை வெளியே தெரியாமல் இருக்கத்தான். வகுப்பில் ஹரிணி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம், டீச்சரும் நானும்.

கூவியதில் ஒரு வீடு மட்டும் மறக்க முடியவில்லை. கடைசித் தெரு செல்வி. தொம்மலூரில் ஏதோ ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலை. போன வருஷம்தான் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தாள், புருஷன் இல்லை. மகள் மோனிஷா ஆறாவதுக்குப் போக வேண்டியவள். நான் போனபோது செல்வி சந்தோஷமாக இருந்தாள். ஆபீஸ் மேடம் ஒருத்தர் சொல்லி பிரேசர் டவுன் இங்கிலீஷ் பள்ளியில் சீட் கிடைத்திருக்கிறது என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "தமிழ்ல படிச்ச பொண்ண திடீர்னு இங்கிலீஷ்ல போட்டா திணறிப் போவா. என் பேத்தி ஹரிணியும் ஆறாவது, நம்ம பள்ளிக்கூடம்தான். ரெண்டும் கை கோத்துட்டுப் போகட்டும். நான் இருக்கேன்ல?"

செல்வி சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்து லதா, அவள் வேலை செய்கிற வீட்டு அம்மா சொல்லி, அதே பள்ளியில் ஹரிணிக்கு இடம் வாங்கி வந்தாள். அதே சீட்டா, வேறா, தெரியாது. நான் கேட்கவில்லை. என் மகன் குமார் "பாப்பா நல்லா வரட்டும்மா" என்றான். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இங்கிலீஷ் பள்ளியில் என் பேத்தி.

பாவாடைப் பருவம் போய்விட்டது. சுடிதார். கை ஒன்று தைத்தாயிற்று.

ஜூலை 9, புதன்

காற்று. ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

வாங்க வேண்டியது: கொக்கி, நீல நூல், பால், ஹரிணிக்கு வெள்ளை ரிப்பன் (அந்தப் பள்ளியில் ரிப்பன் கிடையாது, இங்கே வேண்டும்).

சாயந்திரம் சுடிதாரைப் போட்டுப் பார்த்தாள். தோள் சரி. நீளம் ஒரு விரல் கூட. வளர்கிறவள், இருக்கட்டும் என்று விட்டேன். ஒரு நாள் போடப்போகிற உடுப்புக்கு வளர்கிற அளவு!

இங்கிலீஷ் பள்ளிக்கு லீவு லெட்டர் வேண்டும் என்றாள்.

"உங்க அம்மாவ எழுதச் சொல்லு."

"அம்மா எழுத மாட்டேன்னுட்டா. உன்னையே எழுதிக்கச் சொன்னா."

தமிழில் நான் சொன்னேன், ஹரிணி இங்கிலீஷில் எழுதினாள். காய்ச்சல் என்று.

"எனக்குக் காய்ச்சல் இல்லியே ஆயா."

"எழுது. பெரியவங்க சொன்னா எழுதணும்."

குமார் பெயரில் அவளே கையெழுத்துப் போட்டாள். அப்பன் எழுத்து மாதிரியே இருந்தது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. மேகம் மட்டும்.

ஒன்பது மணிக்கே பள்ளி. நானும் உள்ளேயே இருந்தேன், கமிட்டி ஆள் என்று. ஆறாவதில் ஐந்து பேர், ஏழாவதில் ஐந்து பேர், எல்லாம் ஒரே அறை. ஏழாவது முழுக்கப் பையன்கள். ஆறாவதில் மூன்று பையன்கள், மோனிஷா, ஹரிணி. ஹரிணியைப் பார்த்ததும் மோனிஷா பெஞ்சில் ஒரு ஆள் இடம் நகர்ந்து உட்கார்ந்தாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அந்த இடத்தில் பைதான் உட்கார்ந்திருக்கிறது.

பதினொன்றரைக்கு ஆபீசர். கன்னடக்காரர், சின்ன வயது. போனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"ஹரிணி கே."

"ஹாஜர் சார்."

அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பிறகு படிக்கச் சொன்னார். ஒரு பையன் தமிழ்ப் பாடத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தான். இன்னொருவன் பதற்றத்தில் வரி மாறிப் படித்தான். மோனிஷாவுக்குத் தமிழ் சரளம், கன்னடம் நாலு வார்த்தையில் நின்றுவிட்டது. எச்.எம். முகத்தில் ரத்தம் இல்லை. ஆபீசர் கை ஹரிணி பக்கம் நீண்டது.

ஹரிணி எழுந்தாள். கன்னடப் பாடம் ஒரு பக்கம் நிறுத்தாமல். போர்டில் வகுத்தல் கணக்கு, மூன்று இலக்கம், மீதியோடு.

"ஹேய், சென்னாகி ஓதுத்தாளே!" என்றார் ஆபீசர், நன்றாகப் படிக்கிறாளே என்று. என்னைப் பார்த்து, "நிம்ம மொம்மகளா?"

"ஹௌது சார். என் பேத்திதான்."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பொய் என்று தெரிந்தும் நிமிர்ந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கும் நான் பொய் சொன்னதாகும்.

அவர் எழுதிக்கொண்டார். தலை பத்து. படிப்பு பரவாயில்லை. இந்த வருஷத்துக்கு வகுப்பு இருக்கும் என்று வாயாலேயே சொன்னார். அவர் போனதும் எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். "கர்த்தர் காப்பாத்தினாரு ராஜம்மா." நானும் தலையாட்டினேன். காப்பாற்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் கக்கூஸ் பக்கம் பார்த்தேன். ஹரிணி வெளியே கதவைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்கிறாள். உள்ளே மோனிஷா. மூன்று மணிக்கு மறுபடி அதே மாதிரி.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"தாழ்ப்பா இல்லல்ல ஆயா. போன வருஷம் நானும் ஏழாவது அக்காவும் மாத்தி மாத்திப் பிடிப்போம். இப்ப அவளுக்குப் பிடிக்க யாருமில்ல. சின்னப் பசங்கள நிக்க வெச்சா பாதியில ஓடிருதுங்களாம். அதனால காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டாளாம். இன்னிக்கு என் பாட்டில்ல முக்காவாசி குடிச்சிட்டா."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"நாளைக்கும் வருவியான்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"வரேன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"நீ காய்ச்சல்னு எழுதச் சொல்லலியா?" என்றாள். கோபமாகக் கூட இல்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

தூறல்.

ஸ்வெட்டர். பட்டன். வேன். ஹரிணி போய்விட்டாள்.

கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு, தச்சுவேலை பாஷா பாயைக் கையோடு பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கதவைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அரே அம்மா, கதவே மக்கிப் போச்சு. ஆணி எதப் பிடிச்சிட்டு நிக்கும்? என்னையா?"

"ஏதாவது பண்ணுங்க பாய்."

ஒரு பலகைத் துண்டை அறைந்து அதன்மேல் தாழ்ப்பாளைப் போட்டார். அரை மணி நேர வேலை. இரண்டு வருஷமாக நான் அத்யக்ஷர். மேடைக்கு ஷாமியானா, வாசலுக்குப் பெயிண்ட், எச்.எம். அறைக்குக் கர்ட்டன், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கதவை ஒரு நாளும் தள்ளிப் பார்த்ததில்லை.

மோனிஷா வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வாடியிருந்தது. "உள்ள போய்ப் போட்டுப் பாரு கண்ணு" என்றேன். போட்டாள், திறந்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்:

"ஹரிணி மறுபடி ஊருக்குப் போயிட்டாளா ஆயா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பாஷா பாய் மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை கிடைத்த கதையை வழியெல்லாம் சொன்னார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூலை 12, சனி

அரை நாள் பள்ளி. பத்து மணிக்கு ஏதோ சாக்கில் போய்ப் பார்த்தேன். மோனிஷா வரவில்லை. அந்த இடத்தில் பையும் இல்லை.

ஃபால்ஸ் முடிந்தது. ஜாக்கெட் கொடுத்தாயிற்று. நீலச் சுடிதாரைத் துவைத்து மடித்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மிஷின் மேலேயே.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். ஒரு வாரத் துணியும் கொடியில்.

நான்கு மணிக்குச் செல்வி வந்தாள். வாசலில் நின்றபடியே கொடியைப் பார்த்தாள். ஹரிணியின் வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. இன்றைக்கு எடுத்து மறைக்கவில்லை. மறந்துவிட்டேனா, மறைக்க மனம் வரவில்லையா, தெரியாது.

"உள்ள வாம்மா."

"இருக்கட்டும் பெரிம்மா. ஒரு லெட்டர் எழுதணும்."

செல்விக்கு எழுத வராது. என் கையெழுத்து அச்சு மாதிரி என்று தெருவில் எல்லோரும் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். உட்கார வைத்து டீ போட்டேன். தொடவில்லை.

"மோனிஷா ஏன் நேத்து வரல?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து ஜுரம். ஒன்னுக்குப் போறப்ப எரியுது எரியுதுன்னு அழுவுறா. நேத்து காலைல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். பொண்ணு தண்ணியே குடிக்கறதில்லியா, அடக்கி வெக்குதான்னு என்னைக் கேக்கறாரு. எனக்கு எப்படித் தெரியும் பெரிம்மா, காலைல ஆறுக்குப் போறவ நான்."

தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"போற வழியில மெயின் ரோட்டுல பள்ளிக்கூட வேன் நின்னுது, உள்ள ஹரிணி. மோனிஷாதான் காட்டினா. அம்மா, ஹரிணி ஊருக்குப் போகலன்னு சொன்னா."

ஹரிணி உள்ளே ஹோம்வர்க்.

"பிரேசர் டவுன் பள்ளிக்கூடமா?"

"ம்."

"நான் வேணாம்னு விட்டேனே, அதா?"

"அதேதான் செல்வி."

கத்துவாள் என்று இருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"மோனிஷாவுக்கு டி.சி. வேணும்னு எழுதுங்க. மெயின் ரோட்டு கன்னடப் பள்ளிக்கூடத்துல கேட்டேன், சேத்துக்கறாங்களாம். கன்னடம் பேச எனக்கே வந்திருச்சு, அவளுக்கு வராதா? அங்க ஒரு கிளாஸ்ல நெறைய பொண்ணுங்க. கதவப் பிடிக்க யாராவது இருப்பாங்க."

எழுதினேன். ஐயா அம்மா, என் மகள், ஆறாம் வகுப்பு, எல்லாம். காரணம் என்று எழுதி நிறுத்தினேன்.

"என்ன காரணம் போட?"

"உங்க பேத்திக்கு என்ன போட்டீங்களோ அதையே போடுங்க."

"அவளுக்கு... நான் இன்னும் எழுதல."

செல்வி என்னையே பார்த்தாள். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது.

"எழுதலியா? அப்ப எம்பொண்ணு பக்கத்துல உங்க பேத்தி இன்னும் உக்காந்துட்டுத்தான் இருக்காளா பெரிம்மா?"

நான் "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தாளை மட்டும் வாங்கிக்கொண்டாள். பெருவிரல் வைக்க மாட்டாள், தன் பெயரை மட்டும் மெதுவாக எழுதக் கற்றிருக்கிறாள். எழுதினாள். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

காரணம் என்ற இடத்தில் "துணைக்குப் பெண் பிள்ளை இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

லதாவிடம் சொன்னேன். "இப்பவாவது எழுதுங்க அத்தே" என்றாள், வேறு ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தாள் எடுத்தேன். ஹரிணிக்கு. கையெழுத்து இன்று அச்சு மாதிரி இல்லை.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். ஹரிணிக்கு ஸ்வெட்டர் போட்டேன், பட்டன் போடவில்லை.

ஒன்பதரைக்குப் பள்ளி. இரண்டு தாளையும் எச்.எம். மேஜையில் வைத்தேன். இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வி பொண்ணோடத வெச்சிக்கறேன். இது உங்களோடது, எடுத்துட்டுப் போயிருங்க."

"இல்ல டீச்சர்."

"ஒன்பதுன்னா கூட ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் ராஜம்மா. எட்டுன்னா முடிஞ்சுது. அந்த எட்டுப் பையனுங்களுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"

அவர் கேட்டது நியாயம். இந்த வருஷம் முழுக்க வாசல் வாசலாக அவரும்தான் நடந்தார். மழையில் குடையோடு, கால் வீக்கத்தோடு. அவருக்கு ஓய்வு வயது நெருங்குகிறது. அவர் கையில் பள்ளி மூடக் கூடாது என்று பார்க்கிறார். நான் செய்ததில் அவருக்குப் பாதிப் பங்கு, அவர் கவலையில் எனக்குப் பாதிப் பங்கு.

"சொல்றேன் டீச்சர். ஒவ்வொரு வீடா போய்ச் சொல்றேன். சேக்கறதுக்குப் போனவ நான்தானே."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

தெரியவில்லை என்றேன். கன்னடப் பள்ளியோ, வேறு எதுவோ, அவர்களாவது தெரிந்து முடிவு பண்ணட்டும்.

கமிட்டி நோட்டில் கடைசியாக ஒரு கையெழுத்து. நீலச் சுடிதாரையும் டீச்சரிடமே கொடுத்தேன், யாராவது பெண் சேர்ந்தால் ஆகும் என்று. அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. அத்யக்ஷரம்மா என்றும் சொல்லவில்லை.

முதல் வீடு, ஏழாவது படிக்கிற சுரேஷ் வீடு. அவன் அம்மா மாவு கையோடு கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க. ஆபீசர் ஹரிணியப் புகழ்ந்துட்டுப் போனாராமே! எம்பையன் வந்து ஒரே பேச்சு. அவளப் பாத்தாவது இவன் ரெண்டு வரி படிக்கட்டும்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

இன்னும் ஏழு வீடு.